எந்தப் பேச்சில் கேட்பது

என் கிளினிக்கில் இரண்டே அறைகள். மதுரை நாயக்கர் மகாலுக்குப் பின்னால் நெசவாளர் தெரு ஒன்றில், முன்னால் இரண்டு பெஞ்சு போட்ட நீளமான அறை. உள்ளே கதவும் திரையும் போட்ட இன்னொன்று, அதில் என் மேசை, ஒரு படுக்கை, கைகழுவும் தொட்டி. எழுபதுகளின் கடைசியில் அங்கே உட்கார ஆரம்பித்தேன். வீடு தல்லாகுளத்தில். தினமும் வைகைப் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் வந்து இறங்குவேன். நான் வருவதற்கு முன்பே பெஞ்சுகள் நிறைந்திருக்கும்.

எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். மதுரையில் பல தலைமுறையாகத் தறி நெய்யும் குடும்பங்களின் பேச்சு அது. என் அப்பா தறியை விட்டுக் கோர்ட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்ததால் நாங்கள் ஆற்றுக்கு வடக்கே குடிபோனோம். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ், கான்வென்ட்டிலும் மருத்துவக் கல்லூரியிலும் ஆங்கிலம் என்று மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டுதான் வளர்ந்தேன். ஒன்று மற்றொன்றின் இடத்துக்குள் நுழைந்ததே இல்லை.

அப்படி ஒன்று நுழைந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது வார்டில் ஒரு வயதான நெசவாளர் கடுங்காய்ச்சலோடு சேர்ந்திருந்தார். நல்ல உடம்போடு இருக்கையில் தமிழ் சரளமாகப் பேசுபவராம். காய்ச்சலில் அது போய்விட்டது. பிதற்றுகிறார் என்று குறிப்பில் எழுதியிருந்தது. நான் கட்டிலருகே போய்க் கேட்டேன். அவர் பிதற்றவில்லை. நேற்றிலிருந்து சிறுநீர் பிரியவில்லை, வயிறு வெடித்துவிடும் போலிருக்கிறது என்று எங்கள் பேச்சில் தெளிவாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். குழாய் வைத்ததும் கால் மணி நேரத்தில் அவர் முகம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, யார் வீட்டுப் பெண் நீ என்று கேட்டார். அன்று ரவுண்ட்ஸ் வந்த பேராசிரியர் ஆங்கிலத்தில் என்னைப் பாராட்டினார்.

அந்தப் பாராட்டு என் தலையில் ஏறிவிட்டது. கிளினிக் வைத்தபோது இடம் தேடி அலையவே இல்லை. நேராக எங்கள் ஆட்கள் வசிக்கும் தெருவுக்கு வந்தேன். உள்ளே வருகிறவரின் பேரைக் கேட்டதும் எங்கள் ஆள் என்று தெரிந்துவிட்டால் உடனே வீட்டுப் பேச்சுக்கு மாறிவிடுவேன். எந்தத் தெரு, யார் மகள், எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாய் என்று ஆரம்பித்தால் நாலாவது கேள்வியில் எங்காவது ஒரு சொந்தம் வந்துவிடும். முகங்கள் மலரும். நம்ம டாக்டர் என்று பேர் பரவியது. அந்தப் பேருக்கு நான் தகுதியானவள்தான் என்று நான் நம்பினேன். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

கிளினிக்கில் எனக்கு உதவியாக ஒரு நர்ஸ். என் வயதுக்காரி. உசிலம்பட்டி சாலையில் ஒரு விவசாயக் கிராமத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வருவாள். சௌராஷ்டிரத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. நான் அந்தப் பேச்சுக்கு மாறும்போதெல்லாம் அவள் ஊசியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஆட்களின் முகத்தைப் பார்த்தபடி நிற்பாள்.

ஒருநாள் மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மாமியாருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். நிமிர்ந்த உடம்பு, அழுத்தமான குரல். மருமகளுக்கு இருபத்தைந்து இருக்கலாம். சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்வதற்குள் மூச்சு வாங்கியது. வழக்கம்போல நான் எங்கள் பேச்சில் விசாரித்தேன். மூன்றாவது கேள்வியிலேயே, மாமியார் என் அம்மா வழியில் எனக்கு அத்தை முறை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு பேச்சு வெள்ளமாகப் போனது.

மருமகளுக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். மாமியார் சொன்னார்: தலைசுற்றல், அசதி, தறியில் பாவு நூல் பிணைக்க உட்கார்ந்தால் அரை மணியில் எழுந்துவிடுகிறாள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றேன். அதெல்லாம் ஒழுங்குதான் என்றார் மாமியார். மருமகளைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள். உள்ளே படுக்கவைத்துப் பரிசோதிக்கட்டுமா என்றதற்கு வேண்டாம் என்பதுபோல் கையை மட்டும் அசைத்தாள். வேறு யாராவது இருந்தால் வற்புறுத்தியிருப்பேன். வீட்டு மனிதர்களிடம் என்ன வற்புறுத்தல் என்று விட்டுவிட்டேன். கண் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.

போகும்போது மாமியார் வாசலில் நின்று கேட்டார். இரண்டும் பெண்ணாகப் போய்விட்டது, கடைசிக் குழந்தைக்கு மூன்று வயதாகிறது, அடுத்தது ஏன் தங்கவில்லை என்று. ரத்தம் ஊறட்டும் அத்தை, உடம்பு தேறினால் தானாகத் தங்கும் என்று நான் தாராளமாக வாக்குக் கொடுத்தேன். அவருக்குச் சந்தோஷம். மருமகள் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும் நர்ஸ் சொன்னாள். "அந்தப் பிள்ள வாயத் தொறக்கவே இல்லையே டாக்டரம்மா."

"தொறந்தாளே. கேட்டதுக்கெல்லாம் பதில் வந்துச்சே."

"பதிலெல்லாம் அந்த அம்மாதான சொன்னாக. நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தீக. எனக்குப் பாஷ தெரியாது, ஆனா யார் வாய் அசையுதுன்னு தெரியும்ல?"

"புது இடம். கூச்சமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இரண்டு மாதத்தில் மூன்று முறை வந்தார்கள். மாத்திரையால் பலனில்லை. ஊசி போட்டேன். ரத்தம் கொஞ்சம் ஏறி, மறு மாதமே பழைய இடத்துக்கு இறங்கியது. எங்கேயோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்பது பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்துச் சங்கதி. குடல்புழு இருக்குமோ என்று மலப் பரிசோதனைகூடச் செய்து பார்த்தேன். மாதவிலக்கு ஒழுங்கு என்று வீட்டுப் பேச்சில் ஒரு முறை சொல்லப்பட்டுவிட்டதால் அதை மறுபடி கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

நாலாவது முறை மருமகள் மட்டும் வந்தாள். இடுப்பில் சின்ன மகள். குழந்தைக்குக் காது வலி என்றாள். நான் எங்கள் பேச்சில் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே காதைப் பார்த்தேன். காதில் ஒன்றுமே இல்லை. குழந்தை சிரித்தது. நிமிர்ந்து தாயைப் பார்த்தேன். அவள் தமிழில் பேசினாள்.

"டாக்டரம்மா, காதுக்கு வரல. எனக்குத்தான் வந்தேன்."

நான் எங்கள் பேச்சிலேயே, என்னம்மா சொல்லு என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடியும் கேட்டேன், அதே பேச்சில், இன்னும் கனிவாக. அவள் திரைக்கு அப்பால் பார்த்தாள், எழுந்து போய்விடலாமா என்று யோசிப்பதுபோல.

நர்ஸ்தான் காரியத்தைக் காப்பாற்றினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டே, "நான் இவளுக்கு வாசல்ல ஆட்டுக்குட்டி காட்டுறேன். நீ பேசு தாயி. தமிழ்லயே பேசு. டாக்டரம்மாவும் தமிழ்லயே கேப்பாக" என்று சொல்லி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

"சொல்லும்மா. என்ன செய்யுது?" என்றேன் தமிழில்.

அவ்வளவுதான். குரல் தாழ்த்தி, ஆனால் நிறுத்தாமல் சொன்னாள்.

"எனக்கு லூப் வச்சிருக்கு டாக்டரம்மா. இவ பிறந்தப்ப எனக்கு உசுரு போய்ப் போய் வந்துச்சு. வார்டுல இருந்த நர்சம்மா, இன்னொண்ணு உடனே வேணாம், பிள்ள தங்காம இருக்க லூப் வச்சுக்கிறியான்னு தமிழ்ல கேட்டாங்க. அத்தை காப்பி வாங்கப் போயிருந்தாங்க. சரின்னுட்டேன். பிறகு ஒரு நாள் அவங்க சொன்ன தேதிக்குத் தனியாப் போய் வச்சுக்கிட்டேன். யாருக்கும் தெரியாது. இப்ப ஒரு வருசமா மாசத்துல பத்து நாளு ரத்தம் படுது. துணி மாத்தி மாளல. நான் செத்துருவேனா?"

"இத முதல் நாளே ஏம்மா சொல்லல? நான் கேட்டேனே."

"நீங்க நம்ம பேச்சுல கேட்டீங்க. அத்தைக்கு நீங்க சொந்தம்னு ஆயிப்போச்சு. அந்தப் பேச்சுல பேசுனா நீங்க எங்க வீட்டு மனுஷி டாக்டரம்மா. வீட்டு மனுஷிகிட்ட இதச் சொல்ல முடியுமா? சொல்லுற வார்த்தைகூட எனக்கு அதுல வராது. நான் இத யார்கிட்டயும் அதுல பேசுனதே இல்ல."

நான் மருத்துவராக இருந்த காலத்தில் பல தவறுகள் செய்திருக்கிறேன். மருந்தைத் தவறாக எழுதியதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டதுதான் என் பெரிய தவறுகள் எல்லாவற்றுக்கும் காரணம். அன்று காலை வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. நர்ஸைக் கூப்பிட்டேன். படுக்கவைத்துப் பார்த்தோம். லூப்பின் நூல் தெரிந்தது. சில நிமிடங்களில் எடுத்துவிட்டேன். அவள் வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளே தவிரச் சத்தம் போடவில்லை.

"இனிமே ரத்தம் நிக்கும். மாத்திரையை விடாமச் சாப்பிடு. ஆனா இதுக்கு மேல உன் வீட்டுக்காரருக்குத் தெரியணும். இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டு நீ இப்ப உண்டானா ஆபத்து. அவர வரச் சொல்லட்டுமா?"

யோசித்தாள். "வரச் சொல்லுங்க. நான் லூப் வச்சதையும் நீங்களே சொல்லிருங்க. ஆனா தமிழ்ல சொல்லுங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவர் வந்தார். சுங்குடிச் சேலைக் கட்டுகளை மாசி வீதிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். கட்டை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்து, எங்கள் பேச்சில் சிரித்தபடி நலம் விசாரித்தார். நான் தமிழில் உட்காரச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். எல்லாவற்றையும் நேராகச் சொன்னேன்: லூப், ரத்தப்போக்கு, சோகை, இரண்டு வருடமாவது கர்ப்பம் கூடாது என்பது, அதுவரை அவர் என்ன பயன்படுத்த வேண்டும் என்பது. கடைசி விஷயத்தைச் சொல்லும்போது அவர் காது மடல் சிவந்தது. ஆனால் கேட்டுக்கொண்டார். வீட்டுப் பேச்சில் ஓர் ஆணிடம் அந்த வாக்கியத்தை என்னாலும் சொல்லியிருக்க முடியாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

"உசுருக்கு ஆபத்துங்களா டாக்டர்?"

"நான் சொல்றபடி கேட்டா இல்ல."

"அவ துணி துவைக்கிறத விடியக்காலத்துல பார்த்திருக்கேன். எம்புட்டுத் துணி! கேக்கணும்னு நினைப்பேன். எப்படிக் கேக்குறதுன்னு தெரியல." தரையைப் பார்த்தபடியே சொன்னார். "லூப் வச்சதுக்கு நான் கோவிக்கல. எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்னுதான். சரி. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

லூப் சங்கதி அம்மாவுக்குப் போக வேண்டியதில்லை என்று நான் சொன்னேன். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். அவர் பேசிக்கொண்ட லட்சணம் மறுநாளே தெரிந்தது. மாமியார் தனியாக வந்து நின்றார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருக்க, யாரையும் பார்க்காமல் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நர்ஸ் உள்ளே இருந்தவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மாமியார் எங்கள் பேச்சில் பொரிந்து தள்ளினார். உடம்பு தேறினால் குழந்தை தங்கும் என்று வாய் நிறையச் சொன்னது நீதானே, இப்போது இரண்டு வருடம் கூடாது என்று என் மகனிடம் சொல்லியிருக்கிறாயாமே, நீ நம்ம வீட்டுப் பெண்ணா அல்லது ஊரான் வீட்டு டாக்டரா என்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் தமிழில் பதில் சொன்னேன். முதலில் அது அவருக்குப் புரியவில்லை. நான் மறந்துபோய்ப் பேசுகிறேன் என்று நினைத்தார் போல. பிறகு புரிந்தது. என்னை அவமானப்படுத்துகிறாயா என்று கேட்டார்.

"இல்லம்மா. நான் அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்பு. அத்தை கேக்குறாங்களேன்னு சந்தோஷத்துக்குச் சொன்னேன். இப்ப டாக்டராச் சொல்றேன். உங்க மருமக உடம்புல இருக்குற ரத்தத்துக்கு ஒரு பிரசவம் தாங்காது. தாய் போயிரும். இருக்குற ரெண்டு பிள்ளைகளுக்கும் தாய் வேணுமா வேணாமா? நீங்களே சொல்லுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தில் ஏதோ இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி உடம்பை மட்டும் இறக்கி உட்கார்ந்தார். கோபத்தில் அப்படி உட்காருகிறார் என்றுதான் நினைத்தேன். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தமிழில், "சரி டாக்டர். பிள்ள உசுரு முக்கியம். நீங்க சொன்னபடி செய்யட்டும்" என்றார். அதுவரை என்னை அவர் டாக்டர் என்று கூப்பிட்டதில்லை.

எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தொட்டிப் பக்கம் திரும்பிக் கைகழுவ ஆரம்பித்தாள்.

"டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எனக்கு அடி இறங்கியிருக்கு."

கருப்பை கீழே இறங்கி வெளியே வரும் கோளாறைத்தான் அப்படிச் சொல்வார்கள். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"கடைசிப் பிள்ளைக்குப் பிறகு. பதினெட்டு வருசம் இருக்கும். பிள்ளையும் தங்கல. இது மட்டும் தங்கிருச்சு. இருமுனா வரும், குடம் தூக்குனா வரும். துணிய வச்சுக் கட்டிக்கிட்டுத்தான் இம்புட்டு நாளும் நடமாடுறேன். அவர் இருந்தவரைக்கும் அவர்கிட்டயும் சொன்னதில்ல. மகன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அந்த அழுத்தமான குரல் அப்படியே இருந்தது. கண் மட்டும் நிறைந்திருந்தது. மூன்று முறை இதே நாற்காலியில் உட்கார்ந்து மருமகளின் உடம்பைப் பற்றி நிறுத்தாமல் பேசிய பெண், தன் உடம்பைப் பற்றிப் பேச ஒரு வெளி மனுஷி கிடைப்பதற்குப் பதினெட்டு வருடம் காத்திருந்திருக்கிறார். எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஆறுதலாக எங்கள் பேச்சில் ஏதாவது சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

"படுங்கம்மா, பார்க்குறேன். இதுக்கு வைத்தியம் இருக்கு" என்றேன்.

இருந்தது. அறுவை சிகிச்சைதான் சரி. அதற்கு உடம்பைத் தயார்செய்ய ஒரு மாதம் ஆனது. நான் படித்த ஆஸ்பத்திரியில் என் சீனியர் ஒருவர் செய்வதாக ஒப்புக்கொண்டார். மகனிடம் என்ன சொல்வது என்று மாமியார் கேட்டார். "கர்ப்பப்பையில ஒரு கோளாறு, ஆபரேஷன்னு சொல்லுங்க. அதுக்கு மேல அவர் கேட்டா எங்கிட்ட அனுப்புங்க" என்றேன். மகன் என்னிடம் வந்து கேட்கவில்லை. வீட்டில் சேலைக்கட்டை இறக்கிவைத்துவிட்டு மனைவியிடம்தான் கேட்டிருக்கிறார். மாமியார் அதற்குள் அவளிடம் சொல்லியிருந்ததால் அவள் அவருக்கு எல்லாம் சொல்லியிருக்கிறாள். எந்தப் பேச்சில் என்று நான் விசாரிக்கவில்லை.

அதன்பின் என் பழக்கம் மாறியது. யார் வந்தாலும், எங்கள் ஆள் என்று தெரிந்தாலும், தமிழில்தான் ஆரம்பிப்பேன். வந்தவர் வேறு பேச்சுக்கு இழுத்தால் பின்னாலேயே போவேன். கூட வந்தவரை ஐந்து நிமிடம் வெளியே உட்காரவைப்பேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. படித்த திமிர், தாய்ப்பேச்சை மறந்துவிட்டாள் என்று தெருவில் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். வேறு சிலர் தமிழில் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு, வலி என்று வந்ததும் வீட்டுப் பேச்சில் உடைந்துபோவார்கள். கீழவாசல் பக்கத்திலிருந்து வந்த ஒரு தெலுங்குக்காரப் பெரியவர், எனக்குத் தெலுங்கு தெரியாது என்று தெரிந்தும், வயிற்றை எங்கே தொட்டால் வலிக்கிறது என்பதைத் தெலுங்கில்தான் சொல்வார். கோர்ட்டில் வேலைபார்த்த ஒருவர் மூலநோயைப் பற்றி ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். எல்லாருக்கும் பொதுவான விதி ஒன்றை நான் கண்டுபிடித்துவிடவில்லை. அவரவர் எந்த வழியாக உள்ளே வருகிறார்களோ அந்த வழியை அடைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

மாமியாருக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. பத்து நாள் வார்டில் இருந்தார். நான் போன ஒரு மத்தியான நேரம், மருமகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தூக்குச் சட்டியிலிருந்து ரசம் சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. நகங்கள்கூட இளஞ்சிவப்பாக இருந்தன. இருவரும் எங்கள் பேச்சில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். மாமியார் என்னிடம், "ரெண்டு வருசம் கழிச்சும் இவ பிள்ள வேணாம்னா விட்டுருங்க டாக்டர். பெரிய ஆபரேஷனே பண்ணி விட்டுருங்க. எனக்கு ரெண்டு பேத்தி போதும்" என்றார்.

மருமகள் சோற்று உருண்டையைக் கையில் வைத்தபடியே அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டு வருடம் கழித்து அவளே வந்து கேட்டுக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டாள். கணவர் கையெழுத்துப் போட்டார். வார்டில் அவளுக்குத் துணைக்கு மாமியார்தான் படுத்திருந்தார். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் இளம்பெண்ணிடம் அவர் தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"வெக்கப்படாம டாக்டர்கிட்டச் சொல்லும்மா. கேட்டா சொல்லணும், கேக்காட்டியும் சொல்லணும்."